லுவோ டீச்சர் வெட்டிய செய்தித்தாள்

லுவோ யின்ஷூ செய்த குற்றம் இதுதான்: ஐந்து வயது மகளுக்குத் துணிச் செருப்பு தைக்க, பழைய செய்தித்தாளில் பாத அளவை வரைந்து வெட்டினாள். சீனாவின் ஹுனான் மலைப்பக்கத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் வெட்டுவார்கள். ஆனால் அந்த அறுபத்தெட்டாம் வருடம், வெட்டுவதற்கு முன் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும், தலைவர் மாவோவின் படம் இருக்கிறதா என்று. அவள் அவசரத்தில் பார்க்கவில்லை. தலைவரின் தாடை போயிற்று.

பக்கத்து வீட்டு பெங் ஷௌத்தியான் அதைப் பார்த்துவிட்டார். ஊர் ஒலிபெருக்கி அவர் பொறுப்பில் இருந்தது, கேட்கவா வேண்டும். புகார் கொடுத்தார், சாட்சியும் சொன்னார். ஆறு வருடம் பாடம் நடத்திய பள்ளி போய், பன்றித் தொழுவம் வந்தது. தினமும் தலைவர் படத்தின் முன் குனிந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அவள் வாளியைத் தூக்க வேண்டும்.

இத்தனைக்கும் அவளுக்குத் தலைவர் மேல் கோபமே வரவில்லை. அவள் அம்மாவை ஒன்பது வயதில் ஒரு மூட்டை நெல்லுக்கு விற்றார்கள். அதே ஒன்பது வயதில், பண்ணையார் நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வருடம், இவளைப் பள்ளியில் சேர்த்தார்கள். "நான் படிச்சதும் அவராலதான், பன்னித் தொழுவத்துல நிக்கிறதும் அவராலதான்" என்பாள். பாதி நன்றி, பாதி பிடிவாதம்.

தலைவர் இறந்த மூன்றாம் வருடம், பழைய வழக்குகளை மறுபடி விசாரிப்பதாக மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. வழக்கு தப்பு என்றானால் பள்ளி திரும்பக் கிடைக்கும். ஆனால் அன்று சாட்சி சொன்னவரே வந்து பேச வேண்டும். யின்ஷூ பெங் வீட்டுக்குப் போனாள்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்," என்றார் பெங், சோற்றுக் கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல். "சரியா பாக்கலை, இருட்டா இருந்துச்சுன்னு சொல்லிடறேன். முடிஞ்சுது."

"பொய் வேண்டாம் பெங் அண்ணே. நான் வெட்டினேன். நீங்க பாத்தீங்க."

"பைத்தியமா உனக்கு? வெட்டினேன்னு சொன்னா மறுபடி பன்னிதான்."

"வெட்டலைன்னு சொன்னா, வெட்டுறது குத்தம்னு ஆயிடுமே. குழந்தைக்குச் செருப்பு தைக்கிறது குத்தமா?"

 பெங் சோற்றில் கிடந்த மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தார்.  கைக்கு வந்த பள்ளியைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமோ என்று அன்று முழுக்க யின்ஷூ பயந்தாள்.

விசாரணைக்குப் பெங் துவைத்த நீலச் சட்டையில் வந்தார். வெட்டினாளா இல்லையா என்று அதிகாரி கேட்டார்.

"வெட்டுனது நிஜம்தான்."

யின்ஷூ கண்ணை மூடிக்கொண்டாள்.

"குழந்தை பனியில வெறுங்காலோட நின்னுச்சு. செருப்புக்குத்தான் வெட்டுனா. அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா புகார் குடுத்தீங்க?"

"குடுக்கலைன்னா, பாத்தும் மறைச்சேன்னு என்னைப் பிடிச்சுடுவாங்களோன்னு பயந்தேங்க."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். வழக்கே தப்பு என்று முத்திரை குத்தி, தாளை அவளிடம் நீட்டினார். யின்ஷூ எல்லார் முன்னாலும் அழுதாள். வெட்கப்படவில்லை.

திரும்பும் வழியில் பெங் இரண்டடி பின்னாலேயே நடந்தார். பாலம் வந்ததும் அருகில் வந்தார்.

"டீச்சர்." பத்து வருடத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "என் பேத்தி இந்த வருஷம் ஒண்ணாவது. உங்ககிட்ட அனுப்பலாமா?"

"அனுப்புங்க," என்றாள். "ஆனா நான் தப்பா சொன்னா, பயப்படாம எழுந்து கேக்கணும்னு சொல்லி அனுப்புங்க."