ஃபேனுக்கு அடித்த சென்ட்

என் அறிவைப் பற்றி யாருக்காவது நல்ல அபிப்பிராயம் இருந்தால் அதை இப்போதே கலைத்துவிடுவது உத்தமம். எட்டு வயதில் நான் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று, சீலிங் ஃபேனின் மூன்று இறக்கைகளுக்கும் விலை உயர்ந்த சென்ட் அடித்தவன். கை தவறி அல்ல. யோசித்து, திட்டம் போட்டு, விஞ்ஞான முறைப்படி அடித்தேன். ஃபேன் சுற்றினால் வாசனை வீடெங்கும் பரவும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். இன்று பெங்களூரில் ஒரு கம்பெனியில் என்னை இன்ஜினியர் என்று நம்பிச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதுதான் என் தைரியம்.

அப்போது நாங்கள் மைசூரில், மண்டி மொஹல்லாவில், ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே பூண்டு மூட்டை அடுக்கும் கிடங்கு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ஏசி மெக்கானிக். கொள்ளேகால் தாண்டி, ராமாபுரம் பக்கத்து ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர், மைசூரில் எல்லாம் கிடைத்தும் பெண் மட்டும் கிடைக்காமல் இருந்தார். ஒரு இடத்தில் நிலம் எவ்வளவு என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில் அரசாங்க வேலைதான் வேண்டும் என்றார்கள். மற்றொரு இடத்தில் தலையில் முடி குறைவு என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு மாமா கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது, முடி கூடவில்லை.

கடைசியாக அதே பக்கத்து மலை ஊரான மார்டள்ளியில் ஒரு பெண் அமைந்தது. பெண் பார்க்க வாடகைக் காரில் போனார்கள். மலைப் பாதையில் வாந்தி எடுப்பேன் என்ற முன்னாள் சாதனைகளின் அடிப்படையில் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். அங்கே பெண்ணையும் மாமாவையும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பேசவிட்டார்களாம். என்ன பேசினாய் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டதற்கு மாமா, “மழையப் பத்தி” என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வந்தது.

ஆனால் அன்றிலிருந்து மாமா சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். ஏசி மெக்கானிக் இஸ்திரிச் சட்டையோடு கிளம்பியதை எங்கள் சந்து அதற்குமுன் பார்த்ததில்லை. இந்த இடமும் தவறினால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

அந்த நாட்களில்தான் சென்ட் பாட்டில் வீட்டுக்கு வந்தது. மாமா எங்கள் பகுதியிலேயே ஒரு அத்தர் கடையில் ஏசி ரிப்பேர் செய்யப் போயிருக்கிறார். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்ட கடைக்காரர், கருப்புக் கண்ணாடியில் தங்க நிற மூடி போட்ட ஒரு பாட்டிலை மாமாவின் கையில் வைத்து, “மாப்பிள்ளை போட்டுக்க வேண்டியது தம்பி. ஊத். ஒரு தடவை அடிச்சா சட்டை கிழியற வரைக்கும் இருக்கும்” என்றாராம். அகில் கட்டையிலிருந்து எடுப்பது, அரபு நாட்டு ராஜாக்கள் போட்டுக்கொள்வது என்றெல்லாம் மாமா விவரித்தார்.

எங்கள் வீட்டில் அதுவரை வாசனை என்றால் சந்தனம், மல்லிகை, ஊதுபத்தி, இவ்வளவுதான். மைசூர்க்காரர்களுக்கு மூக்கு விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஊதுபத்திக் கம்பெனியைத் தாண்டும்போதே இன்று என்ன உருட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட மூக்குகளின் முன்னால் மாமா மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டு, கையை எல்லோரிடமும் நீட்டினார்.

அப்பா முகர்ந்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினார். “என்ன மாப்ள, தசரா யானைங்களக் கட்டற எடத்துக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு.”

அம்மாவுக்குத் தம்பி மேல் பாசம். “புதுச் செருப்புப் பெட்டியத் திறந்த மாதிரி இருக்குடா தம்பி” என்றவள், அவர் முகம் வாடியதைப் பார்த்து, “நல்ல வெலை கூடின செருப்பு” என்று சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு அது புது கிரிக்கெட் பந்து. தையல் பிரியாத, சிவப்புச் சாயம் கையில் ஒட்டுகிற, யாரும் எனக்கு வாங்கித் தராத பந்து. கூடவே மழையில் நனைந்த மரக்கதவு. நான் அந்த மணிக்கட்டை விடவே இல்லை.

“இது பணக்கார வாசன அக்கா. நமக்குப் பழக நாளாகும்” என்று சொல்லி மாமா பாட்டிலை பீரோ மேல் வைத்தார்.

பிறகு பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் பக்கத்தில் இது பெண் பார்ப்பதைவிடப் பெரிய பரீட்சை. பெண் வர மாட்டாள், பெரியவர்கள் வருவார்கள். சமையலறையைப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள், பேச்சுவாக்கில் பாத்ரூம் வரை போய் வருவார்கள். எல்லாம் பிடித்திருந்தால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அம்மா விடியற்காலையிலிருந்து சமைத்தாள். போளி என்று நீங்கள் சொல்லும் ஒப்பட்டு, வடை, அவரைக்காய்ப் பொரியல், பாயசம். அவர்கள் வரும் நேரம் நெருங்கியபோது கீழே கிடங்கில் லாரி வந்து மூட்டை இறக்கினார்கள். பூண்டு வாடை படியேறி வந்து ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“டேய், பாத்ரூம்ல ஸ்ப்ரே இருக்குல்ல, அத எடுத்து ஹால்ல ஸ்வல்ப அடிச்சு விடு.”

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பாத்ரூமுக்கு அடிப்பதை விருந்தாளிகளுக்கு அடிப்பதா? அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது அவமரியாதை இல்லையா? பீரோ மேல் ராஜாக்கள் போட்டுக்கொள்ளும் சரக்கு இருக்கும்போது எலுமிச்சம்பழ ஸ்ப்ரே எதற்கு? ஸ்டூலை இழுத்துப் போட்டேன். திரைச்சீலைக்கு அடித்தேன். சோஃபாவுக்கும் மெத்தைகளுக்கும் அடித்தேன். வாசலில் கிடந்த மிதியடியையும் விடவில்லை. மீதி இருந்ததை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் ஃபேன் கண்ணில் பட்டது.

பெண்ணின் அப்பா, அம்மா, ராமாபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தாய்மாமன், மூன்று பேரும் படியேறி வந்தார்கள். அப்பா வாங்க வாங்க என்று கும்பிட்டு உட்கார வைத்து, மரியாதையாக ஃபேனை ஐந்தில் வைத்தார்.

என் கண்டுபிடிப்பு வேலை செய்தது. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. அரபு ராஜா ஒருவர் குதிரை, சேணம், கூடாரம், பரிவாரத்தோடு எங்கள் ஹாலில் வந்து இறங்கினார். பூண்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. பாயசத்தோடு எட்டிப் பார்த்த அம்மா அப்படியே உள்ளே போய்விட்டாள். அறைக்குள் சீவிக்கொண்டிருந்த மாமா சீப்பும் கையுமாக வாசலில் வந்து நின்று, ஃபேனைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பெண்ணின் அப்பா பெருந்தன்மையான மனிதர். கொஞ்சம் யோசித்து, விவசாயிக்கு விவசாயி விசாரிப்பதைப் போலவே கேட்டார். “ஏனுங்க, மாடில ஆடு கீடு கட்டறதுங்களா?”

“இல்லீங்க” என்றார் அப்பா.

“ஆட்டு வாடை இல்லீங் மச்சான்” என்றார் தாய்மாமன். அவர் மூக்கு மளிகைக் கடை மூக்கு. “இது வாடைய மறைக்கற வாடை. எங்க கடைக்கு ஒருத்தன் வருவான். நல்லா ஊத்திக்கிட்டு, மேல இப்படித்தான் சென்ட்டத் தெளிச்சுக்கிட்டு வந்து நிப்பான்.” பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளைக்குப் பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?”

மாமாவுக்கு டீயைத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியதுதானே? ஆனால் மாமா வாயைத் திறந்தபோது ஃபேன் காற்று நேராகத் தொண்டைக்குள் போய் இருமல் வந்துவிட்டது. கண்கள் சிவந்து நீர் வழிந்தது. பார்ப்பதற்கு அவர் அசல் குடிகாரர் மாதிரியே இருந்தார்.

ஒரு நல்லவர் அநியாயமாக மாட்டிக்கொண்டதைப் பார்த்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நடுக்கூடத்துக்கு வந்து நின்றேன்.

“நிஜவாக்லூ, நிஜமா நான்தான் அடிச்சேன். சோஃபாக்கு அடிச்சேன், ஃபேனுக்கு அடிச்சேன். மாமா ஒண்ணும் பண்ணல.”

தாய்மாமன் என்னை அன்போடு பார்த்தார். தலையைத் தடவினார். பிறகு அப்பாவிடம், “பையனுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கறீங்” என்றார்.

அந்த ஹாலில் அன்று பேசப்பட்ட ஒரே முழு உண்மை அதுதான். அதை ஒருவரும் நம்பவில்லை.

பெண்ணின் அம்மா சரியாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். தண்ணீர் மட்டும் குடித்தார்கள். “கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க” என்று எழுந்தார்கள். அம்மா இலை போட்டாயிற்று, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று கெஞ்சியதற்கு, வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்றார்கள். வெயில் வந்து வெகுநேரமாகியிருந்தது.

அவர்கள் படியிறங்கியதும் அம்மா கரண்டியோடு என்னைத் தேடினாள். நான் சோஃபாவுக்குப் பின்னால் இருந்தேன். அந்த வாசனையில் என்னை யாரும் மோப்பம் பிடிக்க முடியாது என்பது ஒரு வசதி. ஆனால் மாமா கண்டுபிடித்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுற்றுகிற ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உனக்கு என்னடா வாசன வருது?”

“புது கிரிக்கெட் பந்து மாமா.”

“எனக்குப் பொண்ணு போன வாசன வருது” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். அவர் பாதியில் நிறுத்திவிட்டார், நான் நிறுத்தவில்லை. அவர் எழுந்து போய் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று அந்த விருந்தை நாங்களே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒப்பட்டில்கூட ஊத் இருந்தது. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாமா இலையில் கை வைக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. எப்படி வேண்டாம் என்று சொல்வார் என்பதை எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க, நாங்க வேண்டாம்னுதான் பேசிக்கிட்டமுங்க. வீட்டுக்கு வந்தும் இவ சீலைல அந்த வாடை போகல. மாமன்காரன் அதையே பொண்ணுகிட்டக் காட்டி, பாரு சாமி, இந்த வீட்டுக்கா நீ வாழப் போறேன்னு கேட்டான். எங்க அம்மிணி வந்து முந்தானைய எடுத்து நல்லா மோந்து பாத்துச்சுங்க. நல்லாத்தான இருக்குது, எனக்குப் புடிச்சிருக்குது, அங்கயே பேசி முடிங்கன்னு சொல்லிப்போட்டுதுங்க. அதுக்கு மேல நாங்க என்னத்தச் சொல்றது.”

அம்மா பூஜை அறைக்கு ஓடினாள். அப்பா, போனில் கும்பிடுவது தெரியாது என்பதை மறந்து கும்பிட்டார். மாமா ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் எனக்கு ஒரு புது கிரிக்கெட் பந்து இருந்தது.

கொள்ளேகாலில் கல்யாணம். மாமாவின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்து இருபது வருஷமாகப் போகிறது. இத்தனை வருஷமும் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நான்தான் என்று சொந்தக்காரர்களிடமும், கல்லூரி நண்பர்களிடமும், ஒரு தடவை வேலைக்கான நேர்காணலிலும்கூடச் சொல்லியிருக்கிறேன். யானைக் கொட்டில், செருப்புப் பெட்டி, ஆடு, சாராயம் என்று ஆளுக்கு ஒன்று சொன்ன வாசனையை ஒரே ஒருத்தி நல்லது என்று சொன்னாள். ஆகவே அவளுக்கும் எனக்கும் ஒரே மூக்கு என்பது என் முடிவு. ஒரு பெண், வீட்டில் அத்தனை பேரும் வேண்டாம் என்று நிற்கும்போது, ஒரு முந்தானையை முகர்ந்துவிட்டு அங்கேயே பேசி முடியுங்கள் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை. எட்டு வயதை விடுங்கள், அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

போன மாதம் என் மனைவியை முதல் தடவையாக மாமா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல் கதையை ஆரம்பித்து, ஃபேன் வரைக்கும் நடித்துக் காட்டினேன். மாமா தலை முழுக்க வழுக்கையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சாட்சிக்கு அவளைக் கூப்பிட்டேன்.

“நீங்களே சொல்லுங்க அத்தை, அந்த வாசனை அன்னிக்கு எப்படி இருந்துச்சு?”

அத்தை தலை நிமிரவில்லை.

“எனக்கு அன்னைக்கு மூக்கடைப்பு.”