பொம்மைச் சட்டைக்குக் காது வைத்த வருடம்

1. முதல் நாளே ஜட்டி விவகாரம்

காகிதப் பொம்மைப் புத்தகத்தில் கெட்டி அட்டையில் ஒரு பொம்மை இருக்கும். அடுத்த பக்கங்களில் அதற்கான உடைகள். குழந்தைகள் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, மாட்டிக் கழற்றி விளையாடலாம். இந்த விவரமே எனக்கு வேலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரியும். அதுவரை நான் திருவண்ணாமலையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று யார் முகம் வந்தாலும் சிவப்பாக்கி, தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் போடுவது என் தொழில்.

ஓர் அங்கன்வாடிச் சுவரில் நான் வரைந்திருந்த குழந்தைகளின் போட்டோவை யாரோ அனுப்ப, சென்னையில் சிறுவர் புத்தகம் போடும் பதிப்பகத்திலிருந்து ரேவதி மேடம் போன் செய்தார். ஒரு வருட வேலை, நான்கு புத்தகம். முதல் புத்தகத்தின் டம்மி, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரிப் பிரதி, ஓகே ஆனால்தான் மற்ற மூன்றும். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

கடை முதலாளி பாபு என்னைவிடச் சின்னவர். லீவு கேட்டதும் சிரித்தார். "இன்னா ஆர்ட்டிஸ்ட், பொம்மைக்குப் பாவாடை தெக்கப் போறீங்களா? போய்ட்டு வாங்க. ஆனா கார்த்திகை தீபத்து ஆர்டர் வர்றதுக்குள்ள முடிவு சொல்லிடுங்க. அப்பறம் உங்க சீட்ல வேற ஆளைத்தான் உக்கார வெப்பேன்."

எனக்கோ அந்தச் சீட்டுக்குத் திரும்ப மனசே இல்லை. இருப்பவர்களையும் இறந்தவர்களையும் வெள்ளையாக்கி வெள்ளையாக்கி அலுத்துப் போயிருந்தது.

மாதிரிக்கு மேடம் அனுப்பிய வெளிநாட்டுப் புத்தகத்தில் பொம்மை ஜட்டி பனியனோடு நின்றது. நானும் அப்படியே வரைந்தேன். டீ கொண்டுவந்த என் மனைவி செல்வி ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"இன்னாங்க இது, பொம்பளப் புள்ளைய இப்பிடி நிக்க வெச்சிருக்கீங்க? இதை எந்த அம்மா வூட்டுக்கு வாங்கினு போவா?"

"உள்ள அதான் இருக்கும், மேல டிரெஸ் மாட்டுவாங்க."

"மாட்டுற வரைக்கும்?"

அன்றே பொம்மைக்கு சிம்மீஸ் போட்டேன். மேடமும் போனில் சிரித்துக்கொண்டே சரி என்றார். என்ன, சிம்மீஸின் தோள்பட்டி வெளியே தெரியாதபடி எல்லாச் சட்டையையும் அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

2. கலர் போட்ட மாதங்கள்

பொம்மைக்குப் பொன்னி என்று பெயர் வைத்தோம். வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறம் கொடுத்தேன். யாரும் "கொஞ்சம் கலரா ஆக்குங்க" என்று கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே மேடத்துக்குக் கோயில் கட்டலாம்.

அரக்கு நிறப் பட்டுப்பாவாடை சட்டைக்குக் கடுகு மஞ்சள் பார்டர். யூனிஃபார்ம், ரெயின்கோட், கபடி டிரெஸ். மடிப்பு தப்பாக விழுந்தால் செல்வி அடுக்களையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில். ஜன்னலைத் திறந்தால் மலை. நான் பாட்டுக்கு உட்கார்ந்து பாவாடைக்குப் புட்டா வரைந்துகொண்டிருப்பேன். இவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்ததே இல்லை.

ஒவ்வொரு உடையிலும் தோளிலும் இடுப்பிலும் சின்னச் சின்ன நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பின்னால் மடித்தால்தான் உடை பொம்மை மேல் நிற்கும். ஆங்கிலத்தில் டேப் (tab) என்பார்கள். நானும் செல்வியும் காது என்று சொல்லிக்கொண்டோம். மாதிரிப் புத்தகத்தில் காதுகள் வெள்ளையாக இருந்தன. நானும் வெள்ளையாகவே விட்டேன்.

3. யாழினியின் கத்தரிக்கோல்

டம்மியைப் பார்த்து எல்லாருக்கும் திருப்தி. "நாலு குழந்தைங்ககிட்டக் குடுத்துப் பாத்துடுங்க சார், ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றார் மேடம்.

காலாண்டு லீவு. பக்கத்து வீட்டு யாழினியைக் கூப்பிட்டேன். ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் சார்ட் ஒட்டும் வேலை எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் வெட்டினாள். பாவாடையை என்னிடம் நீட்டினாள். அவ்வளவு சுத்தமான வேலை. ஒரு காதுகூட மிச்சமில்லை.

"அய்யய்யோ, காதெல்லாம் எங்க போச்சு?" என்று கத்திவிட்டேன்.

"வெள்ளை தெரியாம வெட்டணும்னு மிஸ் சொல்வாங்க மாமா."

பாயில் காதுகள் பொரிபோலக் கிடந்தன. யாழினி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. அடுத்து வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அதையேதான் செய்தார்கள். நம் பிள்ளைகள் வருஷம் முழுக்க சார்ட்டுக்குப் படம் வெட்டுகிறவர்கள். சுற்றியிருக்கும் வெள்ளையை எடுத்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்ததாக அர்த்தம்.

4. எழுதிப் போட்டால் போதாதா?

மேடத்திடம் சொன்னேன்.

"முதல் பக்கத்துல 'வெள்ளைப் பகுதியை வெட்டாதீர்கள்'னு போட்டுடலாம் சார்."

"மேடம், 'இங்கே செருப்பு விடாதீர்கள்'னு இந்த ஊர்ல எத்தினி போர்டு அடிச்சிருக்கேன் தெரியுமா? செருப்பு எங்க கெடக்கும்னு பாக்கணும்னா அந்த போர்டைத் தேடினு போனாப் போதும்."

சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. காதுகளுக்கும் துணியின் நிறமே கொடுத்துவிடலாம் என்றேன். ஒரு பக்கம் செய்து அனுப்பினேன். "சட்டைக்குக் கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு சார். பக்கத்தோட அழகே போச்சு. எங்க பதிப்பகத்துப் பெரியவர் ஒத்துக்க மாட்டார்."

"பக்கத்துல அழகா இருந்து இன்னா மேடம், பொம்மை மேல நிக்கணுமே?"

ஒப்பந்தம் கையில் இல்லாதவன் பேசுகிற பேச்சா அது? பேசிய பிறகுதான் பயம் வந்தது. பேசாமல் அவர்கள் சொன்னபடி செய்திருந்தால் டம்மி அன்றே ஓகே. ஆனால் வாங்குகிற குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பொம்மையில் சட்டை நிற்காது.

கடைசியில் மேடம் ஒரு வழி சொன்னார். "ஐப்பசி பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றேன். உங்க வீட்டுக்கு வந்து நேர்லயே பாக்கறேன். ஆனா புதுக் குழந்தையா இருக்கணும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

பௌர்ணமியன்று காலையிலேயே பாபு போன் செய்தார். "ஆர்ட்டிஸ்ட், தீபத்து ஆர்டர் வந்துனே கீது. இன்னா முடிவு?" சாயந்திரம் சொல்கிறேன் என்றேன்.

5. பௌர்ணமி டெஸ்ட்

இதற்குள் பார்டர் டிசைனை அப்படியே காதுகள் வரை இழுத்து, கொம்பு மாதிரி தெரியாமல் பாவாடையோடு சேர்த்திருந்தேன். மேடம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து கிரிவலத்துக்கு வந்திருந்த யாழினியின் மாமா மகள் ஓவியாவிடம் பக்கத்தைக் கொடுத்தோம். எதையாவது உளறிவிடப் போகிறாள் என்று யாழினி கையில் செல்வி ஒரு முறுக்கைக் கொடுத்து உட்கார வைத்தாள்.

ஓவியா பாவாடையின் கீழ்ப்பக்கத்தில் ஆரம்பித்தாள். இடுப்பு வந்தது. கத்தரிக்கோல் நின்றது. அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல் மெதுவாகக் காதைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த காதையும் சுற்றியது. தோளிலும் அப்படியே.

பொன்னி மேல் வைத்துப் பார்த்தாள். வழுக்கியது. "இதைப் பின்னால மடக்கணுமா?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவளே மடக்கினாள். பாவாடை நின்றது.

மேடம் எழுந்து வந்து பொம்மையைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன் சார். நாலு புக்கும் இப்படியே பண்ணிடுங்க."

உடனே பாபுவுக்குப் போன் போட்டு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். "நல்லாருங்க ஆர்ட்டிஸ்ட். எம் பொண்ணுக்கு ஒரு புக்கு எடுத்து வெய்ங்க" என்றார். மனசு நிறைந்துவிட்டது.

டிசைன் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பார்க்கிறவர் எதை வைத்துக்கொள்வார், எதைத் தூக்கிப் போடுவார் என்பதை உங்கள் கலர்தான் சொல்கிறது. தூக்கிப் போடக் கூடாததை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டு, பக்கத்தில் எச்சரிக்கை எழுதாதீர்கள்.

மேடம் மலை சுற்றக் கிளம்பிய பிறகு யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப அன்னிக்கு நான் வெட்டினது தப்பு இல்லியா மாமா?"

"இல்லடா கண்ணு. நீ கரெக்டாத்தான் வெட்டின. மாமாதான் தப்பா வரைஞ்சிட்டேன்."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். சமாதானத்துக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் ஓவியா கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

"தள்ளுடி. ரெயின்கோட்டை நான் வெட்றேன்."