என் கல்யாண லீவுக் கடிதம்

எழுபதுகளின் பிற்பகுதியில், இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிற்சாலைக் கிளாக்கராக இருந்தேன். எனக்கு மேலே இரண்டு பேர். ஆபிசில் பெரிய கிளாக்கர்; யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரிடம் இங்கிலீஷ் படித்தவர். தொழிற்சாலையில் டீமேக்கர், திருச்சியில் காலேஜ் வரை போய்வந்தவர். அந்த மலையில் இங்கிலீஷ் தெரிந்தவர் தான் மட்டுமே என்று இருவரும் நம்பினார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்தால் மற்றவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

தோட்டத்து மேலாளரான துரைக்குப் போகும் எந்தக் கடிதமும் இங்கிலீஷில் இருக்க வேண்டும். அதில் இருவரும் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் தோட்டத்து வழக்கம். ஆபிஸ் மேட்டில், தொழிற்சாலை பள்ளத்தில். கடிதம் தபால் பையில் ஒருநாள் ஏறும், மறுநாள் இறங்கும்.

எனக்கு வெள்ளிக்கிழமை வெலிமடையில் கல்யாணம். பத்து நாளுக்கு முன்பே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். கல்யாணம், ஐந்து நாள் லீவு வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது.

"மொட்டையா இருக்கே தம்பி" என்றார் டீமேக்கர். ஊதாப் பென்சிலை எடுத்து, மணப்பெண்ணுக்கு 'மை வுட்-பீ' என்று ஒரு பட்டம் கொடுத்தார். கடைசியில் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று சேர்த்தார்.

பெரிய கிளாக்கர் சிவப்பு மையால் இரண்டையும் அடித்துவிட்டு, என்னை மேலே கூப்பிட்டனுப்பினார்.

"உது என்ன இங்கிலீசு? ஆகவேண்டியதைச் செய்யுங்கோ எண்டு மொட்டையா விட்டா, தாலியையும் தான்தான் கட்டோணும் எண்டெல்லோ துரை நினைப்பார்!"

தன் பங்குக்கு 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று எழுதி அனுப்பினார். கீழே டீமேக்கர் குதித்தார்.

"'பெக்'கா? நீங்க கல்யாணத்துக்குப் போறீங்களா, பிச்சைக்குப் போறீங்களா?"

அதற்கு ஊதாக் கோடு விழுந்தது. இப்படியே தாள் ஏறி இறங்கியது. புதிதாக எழுதிக் கொடுத்தால் முதலிலிருந்து திருத்துவார்கள் என்று பயந்து அதே தாளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இருவரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த வாரம் இருவரையும் கொழுந்து மூட்டைக்குள் போட்டுக் கட்ட வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமை வெலிமடை பஸ்ஸில் வந்த ஒருவரிடம் மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார்: "மாப்பிள்ளைக்கு மனசு மாறிருச்சான்னு கேட்டு வாங்க." சொல்லாமல் போனால் வேலை போய்விடும். போகாவிட்டால் பெண் போய்விடுவாள்.

வியாழன் காலை துரை தொழிற்சாலைக்கு வந்தார். கொழும்பில் படித்த சிங்களவர். பேசுவதென்னவோ தொழிலாளர் லயத்தில் கற்ற தமிழ். பெரியவர் சின்னவர் எல்லோரும் அவருக்கு 'நீ'தான்.

"நீ என்னா மூஞ்சி இப்பிடி? காச்சலா?"

"இல்லீங்க தொரை. நாளைக்கு எனக்குக் கல்யாணம்ங்க."

"நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கு இங்க என்னா செய்றது? வாய் இல்லையா? போ, போ!"

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்படியே ஓடிப்போய் பஸ் ஏறினேன். மறுநாள் தாலியும் கட்டினேன்.

மனைவியோடு திரும்பி வந்தபோது கடிதம் என் மேசையில் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊதாவும் சிவப்பும் விட்டு வைத்தவை தேதி, 'சேர்' என்ற விளிப்பு, என் பெயர், இவை மூன்றுதான். அதன் கீழே துரை 'அனுமதி' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

சிரிக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாதவள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

சிவப்புக் கோட்டுக்கு அடியில் கிடந்த 'வுட்-பீ'யைக் காட்டினேன்.

"இத யாரு அடிச்சது?"

அன்று மாலை பெரிய கிளாக்கர் எங்களை வாழ்த்த வந்தார். அவருக்கு மட்டும் சீனி போடாத தேத்தண்ணி.