வசனம் இறங்கிய நாற்காலி

செதுக்கு வேலை செய்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் என் கண் முதலில் பின்கால்களுக்குத்தான் போகும். பூவும் கொடியும் எவ்வளவு அழகாக இருந்தால் எனக்கென்ன? பூவுக்காகத் தோண்டிய இடத்தில் மரம் இல்லையே என்று பயம் வரும்.

இந்தப் பயம் என்னைப் பிடித்தது பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையில். வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வருகிறார் என்றதும், அப்பா எங்கள் வீட்டுத் தோட்டப் பறம்பில் நின்ற பிலா மரத்தை வெட்டி, அவருக்கென்று ஒரு நாற்காலி செய்து ஆலயத்துக்குக் கொடுத்தார். கொடுக்கிற பொருளில் பெயரும் வேத வசனமும் பொறிப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் இரண்டு சொல்லோடு நிறுத்துவார்கள். அப்பாவுக்கு முழு வசனமும் வேண்டும். முதுகுச் சாய்வில் இடம் தீர்ந்ததும் எழுத்து பின்கால் வழியே கீழே இறங்கியது, இருக்கைச் சட்டம் வந்து பொருந்துகிற இடம் வரைக்கும். உள்ளே சட்டத்துக்குக் குடைந்த துளை, வெளியே ஆழமாகத் தோண்டிய எழுத்து. நடுவில் மிஞ்சியது தேங்காய்ச் சிரட்டை கனத்துக்கு மரம்.

ஆராதனையன்று காலையில் நாற்காலியைத் துடைக்கும்போது நான்தான் அந்த வெடிப்பைப் பார்த்தேன். கடைசி எழுத்தில் தொடங்கி மரத்தின் ரேகையோடு மேலே ஏறியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

"மக்கா, வாயத் தொறக்காத. அம்மைக்கிட்டயும் சொல்லாத" என்றார்.

வேறு நாற்காலி கேட்க நேரம் இருந்தது. ஊர் முன்னால் அதைச் சொல்ல அப்பாவுக்கு வாய்தான் வரவில்லை.

பேராயர் வயதானவர், நல்ல கனத்த உடம்பு. அவர் உட்கார்ந்ததும் அப்பா பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் சாய்வைப் பிடித்து, முழங்காலைப் பின்காலுக்கு முட்டுக்கொடுத்தார். "பேரு வெட்டினது போராதுன்னு ஆளும் போய் நிக்கான் பாரு" என்று என் பக்கத்தில் அத்தை முணுமுணுத்தாள். ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடினார்கள், நான் மூடவில்லை. ஒருமுறை மரம் மெல்ல முனகியது. அப்பாவின் கழுத்தில் வேர்வை இறங்கியது.

நாற்காலி தாங்கிவிட்டது. ஆராதனை முடிந்து எழுந்த பேராயர், பாவம் இவ்வளவு நேரம் நின்றாரே என்று அப்பாவின் தோளைப் பிடித்து, "நீர் கொடுத்த நாற்காலியாக்கும். ஒரு நிமிஷம் நீரே உட்காரும்" என்றார். படம் எடுப்பவரும் வந்துவிட்டார். முட்டுக்கொடுக்க இனிப் பின்னால் ஆளில்லை. சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அன்று எடுத்த படம் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள், "ராஜா கணக்கா இருக்காரு" என்பார்கள். முழங்கால் பக்கத்தில் வேட்டி மட்டும் கலங்கித் தெரிவதை யாரும் கவனிப்பதில்லை. இருக்கைக்கு ஒரு விரல் மேலே, நடுங்குகிற தன் கால்களிலேயே அப்பா நிற்கிறார். அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.