நளினியின் நைலான் சடைகள்

லண்டனில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என் மகளின் தலை பக்கத்து வீட்டுக்குச் சொந்தம். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய ஜாய்ஸ் சோபாவில் அமர்ந்து, தரையில் உட்கார்ந்திருக்கும் நளினியின் முடியைச் சிறு பாத்திகளாகப் பிரிப்பார். ஒவ்வொரு கற்றையோடும் ஒரு நைலான் சடையைச் சேர்த்துப் பின்னி, நூலால் இறுக்குவார். டிரெட்லாக்ஸ் என்று பெயர். நான் சீப்பை எடுத்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்ளும் பன்னிரண்டு வயதுக்காரி, அங்கே பிற்பகல் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் சிரிப்பு மட்டும் என் சமையலறைக்குக் கேட்கும்.

ஒருமுறை ஜாய்ஸ் வேலியருகே என்னிடம், "அவள் தலையில் ஒன்றும் தடவாமல் அனுப்புங்கள்" என்றார். தேங்காய் எண்ணெய் வாசனை அவருக்கு ஆகவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்திருக்காது.

எண்ணெய் இல்லாத தலையை நான் எப்படி நம்புவேன்? 1981 வாக்கில், ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில், அம்மா எனக்கும் தங்கை கோமதிக்கும் சவுரி வைத்துப் பின்னுவாள். திருநெல்வேலிப் பேச்சு கடைசிவரை அவளை விடவில்லை. "ஏட்டி, எண்ணெ தேய்க்காத தலையில சவுரி நிக்குமா?" என்பாள். கோமதிக்கு இயல்பிலேயே அடர்ந்த முடி. ஆனாலும் அக்காவுக்கு வைத்தால் தனக்கும் வேண்டும் என்று அழுவாள். வைத்தபின் அவள் பின்னல் முழங்காலைத் தொடும். எனக்கு வயிறு எரியும்.

1998 ஆகஸ்ட் விடுமுறையில் கோமதி வீட்டில்தான் தங்கினோம். திருமுல்லைவாயிலின் பழைய விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். லண்டனுக்கு நான் கொண்டுபோன தமிழ் என்னிடம் அப்படியே நிற்கிறது. அவளுடையது அந்த ஊரோடு வளர்ந்துவிட்டது. அதிலும் எனக்குப் பொறாமைதான். நளினியைப் பார்த்ததுமே, "இன்னாக்கா, கொயந்தைய சாமியார் மடத்துல சேத்துட்டியா? காவி மட்டும்தான் பாக்கி கீது" என்றாள். நளினி பாதி புரியாமலே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொல்லியிருந்தால் வீட்டில் இரண்டு நாள் பேச்சு இருந்திருக்காது.

பயணத்தில் சில சடைகள் கழன்றிருந்தன. ஜாய்ஸ் இல்லாத ஊர். இனி என்னிடம்தானே வரவேண்டும் என்று காத்திருந்தேன். வந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் மகளின் தலை என் கைக்குள் இருந்தது. அம்மா செய்தபடியே செய்தேன். வேர்வரை எண்ணெய் தடவி, முடி படிந்ததும் நைலானைச் சேர்த்துப் பின்னிக் கட்டினேன். கண்ணாடியில் அழகாகவே இருந்தது.

மறுநாள் அம்பத்தூர் போக மூவரும் மின்ரயில் ஏறினோம். நெரிசலில் ஒரு சடை வழுக்கி, கீழே உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மாவின் கூடையில் விழுந்தது.

"இந்தாம்மே, உன் சடை என் கூடைல கீது. கீரையோட சேத்து கட்டிடப்போறேன்."

பெட்டியே சிரித்தது. நளினி நான் கட்டிய மற்றவற்றையும் தானே உருவி என் கையில் திணித்தாள். "இனி என் தலையைத் தொடாதே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஜாய்ஸ் எண்ணெயைப் பழிக்கவில்லை, எண்ணெய்த் தலையில் நைலான் நிற்காது என்றுதான் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை கோமதி சீயக்காய் போட்டு நளினியின் தலையை அலசி, மின்விசிறிக்கடியில் உலர்த்தி, முன்னால் உட்கார்த்திக்கொண்டாள். அவளுக்கும் இந்த வேலை தெரியாது. ஒரு சடை காதைப் பார்த்தது, இன்னொன்று நெட்டுக்குத்தாக நின்றது.

"சித்தி, கொம்பு மாதிரி இருக்கு."

"சும்மா குந்து. மாடு வாங்க ஆள் வந்தா உன்னைய ஓட்டி வுட்டுடுறேன்."

நளினி குலுங்கிச் சிரித்ததில் பிடி நழுவி, ஒரு பின்னலை மறுபடி போட வேண்டியதாயிற்று. என் பிழைக்கு ரயிலில் கிடைத்த முகம் என்ன, சித்தியின் பிழைக்குக் கிடைக்கும் சிரிப்பு என்ன. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, நின்னுகினே கீறே? அந்த முனைய இஸ்துப் புடி."

குனிந்து பிடித்தேன். நளினி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடித்தது யார் என்று திரும்பிப் பார்க்கவுமில்லை. அவள் முடி கலந்திருந்த மேல்பாதி தங்கையின் விரல்களுக்குள் இருந்தது. என் கைக்கு வந்த முனையில் முடி இல்லை, லண்டன் கடையில் வாங்கிய நைலான் மட்டும்.