மதினி வாசலை மாற்றிய கதை

போன வாரம் மத்தியானம் மகள் அடுக்களையில் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டாள். நான் கட்டிலில் சாய்ந்து கண்ணசந்திருந்தேன். சத்தம் கேட்டதுதான் தெரியும். எழுந்து ஓடி, நங்கென்று துணி பீரோவில் நெற்றியை இடித்துக்கொண்டேன். "ஏம்மா, வாசல் இந்தப் பக்கம் இருக்கு, அங்க எங்கம்மா ஓடுற?" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. சென்னையில் அவள் வீட்டுக்கு நான் வந்து எத்தனையோ வருஷமாகிறது. கண்ணை மூடிக்கொண்டே இந்த வீடு முழுக்கச் சுற்றிவருவேன். ஆனால் திடுக்கிட்டால் மட்டும் என் கால் என் பேச்சைக் கேட்காது. நேரே வடக்கே போகும்.

பீரோவிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வந்தது. எனக்கு எந்தக் காரமான வாசனையும் கடைசியில் கந்தகத்தில்தான் போய் நிற்கும். கந்தகம் என்றால் மதினி. என் அண்ணன் பெண்டாட்டி.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மதினியும் நானும் சரவெடி பின்னினோம். எங்கள் பக்கம் இடது வலதெல்லாம் அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில்கூட "கொஞ்சம் தெக்காம நகந்து உக்காருங்க" என்பதுதான் பேச்சு. பழைய ஷெட்டுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கிழக்கே ஓட வேண்டும். மதினிக்கு அங்கே பல வருஷப் பழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் பார்த்துக் கம்பெனி புது ஷெட் கட்டியது. வாசல்கள் வடக்கும் தெற்குமாக வந்தன. தெற்கே மருந்து கலக்கும் ரூம் இருந்ததால், ஓடுவதென்றால் வடக்கே மட்டும்தான்.

ஒரு நாள் ரோட்டில் லாரி டயர் ஒன்று வெடித்தது. எல்லோரும் வடக்கே ஓடி வேப்பமரத்தடியில் நின்றோம். மதினியைக் காணோம். திரும்பிப் பார்த்தால், உள்ளே கிழக்குச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். டயர்தான் என்று தெரிந்ததும் ஆளாளுக்குச் சிரித்தோம். மதினி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: "வாசல் வடக்கதான்னு புத்திக்குத் தெரியுது புள்ள. காலு கேக்க மாட்டேங்கு. நெசமா வெடிச்சா நான் அங்கனயே நின்னு கருகிப்போவேன்."

"வேலையை விட்ருங்க மதினி" என்றேன்.

"வெடிக்குப் பயந்தா இந்த ஊர்ல எந்த வேலைக்குப் போக? காலைத்தான் மாத்தணும்."

எங்கள் வீட்டுத் தெருவாசலும் கிழக்கே. அதுதான் காலைக் கெடுக்கிறது என்று மதினி கண்டுபிடித்தாள். வடக்கே சந்துக்குப் போக ஒரு குட்டைக் கதவு உண்டு. விறகு அடுக்கி மறைந்துபோயிருந்தது. விறகையெல்லாம் இழுத்துப் போட்டு அதைத் திறந்தாள். தெருவாசலைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். அவள் நினைக்காத நேரமாகப் பார்த்து நான் ஒரு தட்டைத் தரையில் போட வேண்டும். போட்டேன். ஒவ்வொரு தடவையும் பூட்டிய கிழக்கு வாசலில் போய் முட்டிக்கொண்டு, "சனியன் புடிச்ச காலு" என்று திட்டுவாள். அண்ணன் குட்டைக் கதவில் மண்டையை இடித்துக்கொண்டு, "ஒருவாய் சோறு நிம்மதியாத் திங்க விடுதீகளா?" என்று கத்துவார். வீட்டில் எல்லோருக்கும் எந்நேரமும் படபடப்புதான்.

இந்த லட்சணத்தில் விருதுநகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வத்தல் வியாபாரம், நல்ல வசதி. அன்றைக்காவது வாசலைத் திறங்கள் என்று கெஞ்சினேன். "பாதியில விட்டா காலு பழையபடி போயிரும்" என்று மதினி சாதித்துவிட்டாள். "வாங்க, வாங்க. இப்படிச் சந்து வழியா வாங்க, ஒன்னும் நெனச்சுக்கிடாதீக" என்று அவளே வந்தவர்களை அழைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி வந்தார். ஏற்கெனவே முகம் சரியில்லை. காபித் தட்டோடு வந்த எனக்குச் சேலை காலில் தடுக்க, தட்டு விழுந்தது. மதினி விருட்டென்று எழுந்து, மாப்பிள்ளையையும் தாண்டிக்கொண்டு, நேரே வடக்கே ஓடினாள்! சந்தில் நின்று சத்தம் போடுகிறாள்: "ஏ புள்ள, போயிட்டேன்! வடக்க போயிட்டேன்!"

வந்தவர்கள் கை நனைக்காமலே போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சில நாள் அவள் முகத்தில்கூட விழிக்கவில்லை. பேசாமலேதான் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னினேன்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். ஆர்டர் நெருக்கடி. சாப்பாட்டு நேரத்திலும் நாங்கள் இரண்டு பேரும் கையிலிருந்த சரத்தை முடித்துக்கொண்டிருந்தோம். மருந்து ரூம் வெடித்தது. நல்லவேளை, அங்கே ஆளில்லை. எங்கள் ஷெட் முழுக்கப் புகை. புது வாசலை மட்டுமே பழகியவள் நான், அவளைப் பார்த்துச் சிரித்தவள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே முடியவில்லை. யாரோ என் சடையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். வேப்பமரத்தடியில்தான் எனக்கு மூச்சு வந்தது. மதினி ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். கூரை இல்லை.

"காலு கேட்ருச்சு புள்ள" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு எனக்கு வேறிடத்தில் கல்யாணமாயிற்று. அண்ணன் வீட்டில் தெருவாசல் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியபோது சந்துக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கடைசிக் காலத்தில் மதினிக்கு என் பேர்கூட மறந்துபோனது. ஆனாலும் ஒரு டம்ளர் விழுந்தால் போதும், தட்டுத் தடுமாறி எழுந்து, அடைத்த அந்தச் சுவரில் ஒரு கையைப் பதிப்பாள். மறு கை பின்னால் துழாவும். நான் போயிருந்தால் குனிந்து என் நரைத்த தலையைக் கொடுப்பேன். கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

இப்போது அந்த வீடு இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள், வேப்பமரமும் போய்விட்டது. என் நெற்றி வீங்கியதைப் பார்த்து மகள் பீரோவை இடம் மாற்றிவிட்டாள். நேற்று குக்கர் விசில் அடித்ததும் மறுபடி ஓடினேன். வெறும் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சடையைப் பிடித்து இழுக்கத்தான் ஆளில்லை.