தும் வரட்டும், தஹானி

கெய்ரோவில் ஸய்யிதா ஸைனப் வட்டாரத்தில் தஹானியைத் தெரியாதவர்கள் குறைவு. வேலைக்குப் போகிற பெண்களுக்காகக் கத்தரிப்பிஞ்சு குடைந்து, திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டி, அடுப்பில் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் விற்பவள். கை அவ்வளவு வேகம். வாய் அதைவிட வேகம். அடுத்தவர் ஆரம்பித்த பேச்சை அவள்தான் முடித்து வைப்பாள். மெட்ரோ ரயில் நிற்பதற்குள் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். மருத்துவச்சி வரும்வரை பொறுக்காமல் மகள் நக்லாவைப் பெற்றுப் போட்டவள் என்று அவளுடைய மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கைப்பட்டதோ மேளக்காரர் குடும்பத்தில். புருஷன் ரகப், மூத்தார் ஃபர்கலி, சித்தப்பன்மார், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் குடுவை மேளத்தைத் தொடையில் சாய்த்துக்கொண்டு ஊரில் நடக்கிற கல்யாணங்களுக்கெல்லாம் கொட்டுகிறவர்கள். ஆட்டக்காரியின் இடுப்பு அசையப்போகிற இடம் அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் ரகபின் விரலுக்குத் தெரியும் என்பார்கள்.

தஹானியின் சங்கதி அவளுடைய கல்யாணத்தன்றே வெளிப்பட்டுவிட்டது. மணப்பெண் ஆட வேண்டும் என்று நடுக்கூடத்துக்கு இழுத்துவிட்டார்கள். அவளும் உற்சாகமாகத்தான் ஆடினாள். கொஞ்ச நேரத்தில் அக்கார்டியன்காரன் ஒரு பக்கம் போனான், கஞ்சிராக்காரன் இன்னொரு பக்கம் போனான். வாசிக்கிறவர்களையே தடுமாற வைக்கிற ஆட்டம். ஃபர்கலி மேளத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"தாயே, நீ ராணி மாதிரி உக்காந்து பாரு. ஆடறதுக்கு நாங்க ஆள் கூட்டிட்டு வந்திருக்கோம்."

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். பேரன் பிறந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க வைத்தது ஒரு குரல் செய்தி. கல்யாண வாசிப்பெல்லாம் குறைந்து, எல்லா இடத்திலும் ஒலிபெருக்கிப் பாட்டாகிவிட்ட பின், ரகப் தொக்கி வட்டாரத்தில் ஒரு நடனப் பள்ளியில் காலை வேளைகளில் கொட்டப் போய்க்கொண்டிருந்தான். மதாம் ஃபிக்ரீயா என்கிற பழைய ஆட்டக்காரி வெளிநாட்டுப் பெண்களுக்கு இடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கிற இடம். ஒரு நாள் ரகப் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் கூவியது. தஹானி பூண்டு உரித்த கையோடு அழுத்தினாள். மெல்லிய பெண் குரல்:

"என் விழியே! என் உயிரின் நிலவே! உன் மேளம் கேளாமல் என் இரவுகள் நீள்கின்றன. நாளை எத்தனை மணிக்கு, என் இதயமே?"

குளியலறைக் கதவு அதிர்ந்தது.

"யோவ் மனுஷா! வெளிய வா! உன் இதயம் கூப்பிடுது!"

ரகப் சோப்பு நுரையோடு தலையை நீட்டினான். செய்தியை மறுபடியும் கேட்டான். முகம் வெளுக்கவில்லை, சிரித்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

"அவ பேரு மிசூஹோ. ஜப்பான்காரப் பொண்ணு. நம்ம பாஷையைப் பாட்டுக் கேட்டே கத்துக்கிட்டா. காய்கறிக்காரன்கிட்டயும் அப்படித்தான் பேசுவா. தக்காளி வாங்கப் போனா, 'என்னைப் பிரிந்து எங்கே போனாய்'னு கேட்டாளாம். அவன் கடையைச் சாத்திட்டு உள்ள போயிட்டான்."

"நாளைக்கு நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"தக்காளி வாங்க."

மறுநாள் காலை தஹானி ரகபுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தின் மாடிப்படி ஏறிவிட்டாள். மதாம் ஃபிக்ரீயா கதவைத் திறந்தாள். தங்க நிறச் செருப்பு, விரலிடுக்கில் சிகரெட், ஆளை ஏற இறங்கப் பார்க்கிற பார்வை.

"யாரு?"

"உங்க மேளக்காரரோட பொண்டாட்டி. ஒரு ஓரமா உக்காந்து பாத்துட்டுப் போறேன்."

"இங்க வேடிக்கை பாக்கற வழக்கம் கிடையாது, கண்ணு. ஒண்ணு இடுப்புல துணியைக் கட்டு. இல்லைன்னா கீழ வாட்ச்மேன்கிட்ட போய் உக்காரு."

தஹானி வாட்ச்மேனை நினைத்துப் பார்த்தாள். துணியை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த ரகப் இதைப் பார்த்ததும், மேளத்தைப் பையிலிருந்து எடுப்பதா, அப்படியே திரும்பிப் போய்விடுவதா என்று வாசலிலேயே நின்றான்.

மிசூஹோவைப் பார்த்த மாத்திரத்தில் தஹானியின் கோபம் பாதி வடிந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண்போல இருந்தாள், கனத்த கண்ணாடி, தஹானியைக் கண்டதும் இடுப்பு வரைக்கும் குனிந்து, "என் சோலையின் ரோஜாவே, வருக" என்றாள். தஹானி தன் பையிலிருந்து இரண்டு திராட்சை இலைச் சுருளை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

ஆனால் வடிந்த கோபத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. மேளம் தொடங்கியதும் அந்தக் கண்ணாடிக்காரியின் இடுப்பு, தனியாக உயிருள்ள பண்டம்போல எட்டு போட்டது. பக்கத்தில் நின்ற நெட்டை ருஷ்யக்காரிக்கு உடம்பின் மேல்பாதி சிலை, கீழ்பாதி நடுக்கம். எங்கெங்கோ பிறந்ததுகளெல்லாம் இந்த ஊர் ஆட்டத்தை ஆடுகின்றன. இந்த ஊரிலேயே பிறந்தவள் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மதாம் ஃபிக்ரீயாவுக்கு அவளுடைய சரித்திரம் தெரியாது. கைதட்டி வகுப்பை நிறுத்தினாள்.

"பாருங்க, நம்ம நடுவுல இன்னைக்கு ஒரு அசல் எகிப்துக்காரி இருக்கா! நீங்க மாசக்கணக்கா கத்துக்கறது இவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கும். தஹானி, முன்னால வா. எல்லாரும் அவளைப் பாத்து ஆடுங்க. ரகப், மக்ஸூம் தாளம் கொட்டு."

ரகப் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். தும் தக், தக் தும், தக். தும் என்றால் மேளத்தின் நடுவிலிருந்து வருகிற கனத்த அடி, தக் என்றால் விளிம்பில் விழுகிற சின்ன அடி. கனத்தது விழும்போது இடுப்பும் விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தஹானி முகவாயைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். இடுப்பு போட்ட இடத்தில் தும் இல்லை. தும் வந்தபோது இடுப்பு வேறு வேலையில் இருந்தது. பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பக்தியோடு அதை அப்படியே ஆடினார்கள். ருஷ்யக்காரி போனில் படம் பிடித்தாள். மிசூஹோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரகசியமாக மதாமிடம் கேட்டாள்:

"என் உயிரே, இது எந்த மாகாணத்தின் ஆட்டம்?"

மதாம் ஃபிக்ரீயாவின் சிகரெட்டிலிருந்து சாம்பல் தானாக விழுந்தது. "இந்த மாகாணம் இன்னும் கண்டுபிடிக்கப்படல, கண்ணு" என்றாள்.

ஒரு வாரம் ஆயிற்று, பெண்களை மறுபடி தாளத்துக்குள் கொண்டுவர. வேறு யாராக இருந்தாலும் அந்தப் படியைத் திரும்ப மிதித்திருக்க மாட்டார்கள். தஹானி மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். கேட்டதற்கு, "காசு குடுக்காம கத்துக்கற படிப்பை யாராவது விடுவாங்களா?" என்றாள். உள்ளே எரிந்தது வேறு. ஃபர்கலியின் அந்த 'ராணி மாதிரி உக்காரு' இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்குச் சரியாகச் சுட்டது.

வீட்டில் பயிற்சி நடந்தது. ரகப் துணி அலசுகிற பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டுவான். பாடத்தில் அப்போது ஸயீதி தாளம். தும் தக், தும் தும், தக். நடுவில் இரண்டு தும் அடுத்தடுத்து வரும். இரண்டடி முன்னே நடந்து, இடுப்பை அந்த இரண்டு தும்மிலும் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு எட்டு போட்டுத் திரும்ப வேண்டும். சேர்த்து ஆடினால் மூச்சு விடுகிற நேரம்தான்.

"தும் எங்கடி? நீ எங்க இருக்கே?"

"நான் வந்துட்டேன். உன் தும்தான் இன்னும் வரல."

"தும் வரணும்னா நான் அடிக்கணும்."

"அடிச்சுத் தொலையேன்! நான் எவ்வளவு நேரம் நிக்கறது?"

கீழ்வீட்டுக்காரி, வாளியை உடைக்கிறார்களா என்று வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஆச்சரியமாக, பள்ளியில் மட்டும் தஹானி சரியாக ஆடத் தொடங்கினாள். அவள் இடுப்பைப் போட்டால் அங்கே தும் இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மற்றவர்களெல்லாம் இடறினார்கள். ருஷ்யக்காரி, "மேளத்துக்குக் கால் நொண்டுது" என்று புகார் சொன்னாள். மதாம் ஒரு பாட்டு முழுக்க ரகபின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிறுத்தச் சொன்னாள்.

"ரகப். நீ எனக்குக் கொட்டறியா, உன் பொண்டாட்டிக்குக் கொட்டறியா?"

ரகப் தலையைச் சொறிந்தான். "வேணும்னு செய்யல, மதாம். நாலு பேர் முன்னால அவ கால் தடுமாறினா கை தானா அங்க போயிடுது. பழக்கம்."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

அன்றிலிருந்து ரகபைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டினான். தாங்கிப் பிடிக்க ஆளில்லாத தஹானி மறுபடி நடுக்கடலில் விழுந்தாள். அன்று வகுப்பு முடிந்ததும் துணியை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தாள்.

"எனக்கு வராது, மதாம். சிலருக்குக் கண் தெரியாத மாதிரி எனக்குக் காது தெரியாது."

மதாம் ஃபிக்ரீயா அவளை உட்காரச் சொல்லவில்லை. பின்னால் வந்து நின்று அவளுடைய இடுப்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உன் காதுக்கு ஒண்ணும் இல்ல. தும் எங்க வருதுன்னு உனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சதனாலதான் அதுக்கு முன்னாடியே ஓடிப் போய் நிக்கறே. அது என்ன, உன்னை விட்டுட்டுப் போயிடற மைக்ரோபஸ்ஸா? ரகப், கொட்டு. நீ அசையாதே. இரு. இரு. இரு இரு இரு... ஏன் இழுக்கறே? தும் வரட்டும், தஹானி!"

தும் விழுந்தது. மதாம் கையை விட்டாள். அடக்கி வைத்திருந்த இடுப்பு தானாக இறங்கியது, கனமாக, சரியாக அதன்மேல். அடி மேளத்திலிருந்து வந்த மாதிரி இல்லை. தரையிலிருந்து குதிகால் வழியாக ஏறி வந்த மாதிரி இருந்தது. தஹானி குனிந்து தன் காலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்திருந்த ரகப், என்னமோ நடந்துவிட்டது என்று மட்டும் உணர்ந்து, "என்ன? விழுந்துட்டாளா?" என்றான்.

அதற்குப் பிறகும் பத்தில் ஏழு தடவை முந்தத்தான் செய்தாள். ஆனால் முந்தினோம் என்பது இப்போது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் ஒரு வசவு கிளம்பும். மிசூஹோ அந்த வசவுகளையெல்லாம் பாடமாகக் கற்றுக்கொண்டாள். பாட்டு மொழியோடு அவை கலந்து, "என் கண்ணின் ஒளியே, உன் வீட்டில் இடி விழ" என்று டாக்ஸிக்காரர்களிடம் பேச ஆரம்பித்த பிறகு யாரும் அவளிடம் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

வசந்தத்தில் பள்ளியின் ஆண்டு விழா. ஒரு மாலை வேளை, படகுக் கழகக் கூடத்தில். தஹானிக்கு ஸயீதியில் ஒரே ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். சேதி கேட்டு ஃபர்கலி தன் மக்களையும் மருமக்களையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக இருந்தான். பார்வையாளர்கள் முன்னால் மேளக்காரனைச் சுவர் பார்க்க வைக்க முடியாது. ரகப் நேராகத் தஹானியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் வரும்போதே விரலை ஆட்டி எச்சரித்தாள்: கை இங்கே வரக் கூடாது.

அக்கார்டியன் இழுத்து முடித்தது. மேளம் இறங்கியது. தும் தக், தும் தும், தக்.

தஹானி அசையவில்லை.

ஒரு கைமுட்டியை இடுப்பில் அழுத்தி, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றாள். ஒரு சுற்று போயிற்று. இன்னொரு சுற்று. ஃபர்கலி விதை கொறிப்பதை நிறுத்தினான். "மறந்துட்டா" என்றான் அவன் மகன். "சும்மா இருடா" என்றான் ஃபர்கலி. மேளம் போய்க்கொண்டே இருந்தது. அவள் அதை அலட்சியமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள், வாடகை கேட்டு வந்தவனை நிற்க வைப்பதுபோல. ரகபின் நெற்றியில் வியர்வை. கை அவள் பக்கம் போகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகக் கொட்டினான். மதாம் ஃபிக்ரீயா பற்ற வைக்காத சிகரெட்டைக் கடித்தே துண்டாக்கினாள்.

பிறகு தும், தும். இரண்டு தட்டு, இரண்டும் ஆணி அடித்த மாதிரி. எட்டு. திருப்பம். மறுபடி இரண்டு தட்டு.

கூடம் கூவியது. அந்தக் கூவலில் ரகப் வாயைத் திறந்தபடி தன் பெண்டாட்டியைப் பார்த்தான், விரல் வழுக்கியது, ஒரு தும் முழுசாக விழாமல் போனது. ஐந்து வயதில் மேளத்தைத் தொட்டவன், ஆடுகிறவள் முன்னால் தாளம் விட்டது அதுவே முதல் தடவை. தஹானியின் இடுப்போ, இல்லாத அந்தத் தும்மின் இடத்தில் சரியாக இறங்கியது.

"டேய் ரகப்!" ஃபர்கலி நாற்காலியில் ஏறி நின்று கத்தினான். "எந்திரிடா! நீ போய் ராணி மாதிரி உக்காரு! மேளத்தை அவகிட்ட குடு!"

விழா முடிந்து ஆளுக்கொரு ஈரல் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்தார்கள். அரைப் பாலம் தாண்டியதும் ரகப் கேட்டான்:

"அந்த மூணு சுத்து நின்னியே. பெரிய பெரிய ஆட்டக்காரிங்க அப்படி நிக்கப் பயப்படுவாங்க. என்ன நினைச்சுக்கிட்டு நின்னே?"

தஹானி வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"இடுப்புத் துணி அவுந்துடுச்சு. ஒரு கை முட்டியால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பின்னால முடிச்சுப் போட்டுட்டு இருந்தேன். முடிச்சு விழற வரைக்கும் நீ என்ன கொட்டினேன்னே எனக்குத் தெரியாது."

ரகப் நின்றுவிட்டான். கம்பியில் சாய்ந்து, மேளப்பையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள்.

"மதாம்கிட்ட வாயைத் திறந்தே, உன்னை ஆத்துல தள்ளிடுவேன்" என்றாள் தஹானி. பிறகு அவன் சிரித்து முடிக்கும்வரை நின்றாள். அவன் கையிலிருந்த மிச்ச சாண்ட்விச்சையும் வாங்கித் தின்றுகொண்டே.